ஏனுங்க, கால் எட்டுங்களா?

கொரியர் வேலையில் ஜனங்கள் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால், அதைக் கொண்டுவந்த ஆளைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். பேர் என்ன, ஊர் எது, வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார், பொம்பளைப் பிள்ளை ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று அத்தனையும் விசாரித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்கள். என்னை இன்னொரு தடவை தலையிலிருந்து கால்வரைக்கும் பார்ப்பார்கள். அதற்கு அதிக நேரம் ஆகாது. நான் நாலடி பத்து அங்குலம்.

பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல் பக்கத்து ஆளின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களே, மேல் அலமாரி டப்பாவுக்கு ஸ்டூல் தேடுகிறவர்களே, தையல்கடையில் "பாப்பாவுக்குங்களா?" என்று கேட்கப்பட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உயரமானவர்களும் படிக்கலாம். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், வழக்கம்போல.

லைன் காலி

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். தினமும் சேலத்திலிருந்து மேலே ஏறிவருகிற மேனேஜர், பைக்கில் நாகலூர் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் போய்வருகிற கதிர், தோளில் பையைப் போட்டுக்கொண்டு டவுனுக்குள் நடந்தே பார்சல் கொடுக்கிற நான். நாலு வருஷம் இப்படியே ஓடியது. கதிருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டுப் பக்கத்திலேயே ஆத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். நாகலூர் லைன் காலி.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் டவுனுக்கும் நாகலூருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். அந்த ஆளுக்குச் சொந்தமாகக் கியர் வண்டி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். ஸ்கூட்டர் ஆகாது, எஸ்டேட் இறக்கத்தில் கியரில் பிடிக்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறி வேலை செய்யாது. இரண்டு மாசம் டைம், அதுவரைக்கும் கதிர் இருப்பான். அதற்குள் நான் தயாராகாவிட்டால் சேலத்திலிருந்து ஆள் வரும், நான் வீட்டுக்குப் போகலாம்.

இந்த வேலையை விட்டால் இந்த மலையில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? சீசனில் மூன்று மாசம் காப்பிப் பழம் பறிக்கலாம், மிச்ச ஒன்பது மாசம் மழையை வேடிக்கை பார்க்கலாம். நாலு வருஷத்தில் நனைந்த பார்சல் ஒன்றுகூட என் கையால் போனதில்லை. அதையெல்லாம் யாரும் பேசவில்லை. மேனேஜர் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கீர்றேனுங்க" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்து சைக்கிளைத் தவிர நான் எதையும் ஓட்டியது கிடையாது. கதிர் மட்டும் யோசித்து ஒரு வழி சொன்னான்: "ஏனுங்க்கா, பேசாம உங்களையே ஒரு பார்சல்ல போட்டு, அட்ரஸ் எழுதி, நாகலூர் பஸ்ஸுல ஏத்தி உட்ரலாமுங்க!"

சார் உட்கார்ந்து பாருங்க

முதல் வாரமே எல்.எல்.ஆர். போட்டுவிட்டு, சேலத்தில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் வந்தார். அவர் டெம்போ டிரைவர். நாலு சக்கரத்துக்குக் குறைவாக எது இருந்தாலும் அதை வண்டி என்று ஒத்துக்கொள்ளாதவர். அவரும் ஒன்றும் பனைமரம் கிடையாது, ஐந்தடி ஒரு அங்குலம். கழுத்தில் பட்டை மாட்டிய விற்பனைக்காரர் ஓடிவந்து, "லேடீஸ் வண்டி அந்தப் பக்கமுங்க மேடம்" என்று ரோஸ் கலர் ஸ்கூட்டர் ஒன்றின் முன்னால் கொண்டுபோய் என்னை நிறுத்தினார். கியர் வண்டிதான் வேண்டும் என்றேன். உடனே என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி, "சாருக்குங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?" என்றார்.

எனக்குத்தான் என்று மூன்று தடவை சொல்லிப் புரியவைத்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. விற்பனைக்காரர் உச்சுக்கொட்டினார். "கால் எட்டலீங்க மேடம். ரிஸ்க்குங்க. வேண்டவே வேண்டாமுங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சும்மா இருக்கமாட்டாமல் என் வீட்டுக்காரரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவர் காலும் தரையைத் தொடவில்லை. அதே தீர்ப்பு அவருக்கும் வரும் என்று காத்திருந்தேன். விற்பனைக்காரர் டேங்கைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுச் சொன்னார்: "சாருக்கு ரெண்டே நாள்ல பழகீருமுங்க!"

கனம்

சென்னையிலிருந்து வந்து இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவருக்கு வாரம் இரண்டு பார்சல் வரும். எல்லாமே அவர் பைக்குக்கு மாட்டுகிற சாமான். கையுறை, முழங்கால் கவசம், கம்பி, விளக்கு. வண்டியும் லேசுப்பட்டதல்ல, எருமைக்கடா மாதிரி இருக்கும். அத்தனை கவசத்தையும் மாட்டிக்கொண்டு அவர் அதிகபட்சம் போகிற தூரம் ஒண்டிக்கடை புரோட்டா ஸ்டால் வரைக்கும்தான். நான் வண்டி தேடுகிறேன் என்று தெரிந்ததும் கையெழுத்துப் போடாமல் அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். லேசான வண்டி காற்றுக்கே பறந்துவிடுமாம். கனமான வண்டிதான் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகுமாம்.

சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை எடுத்துக் காட்டினார். வாசலில் கொட்டியிருந்த ஜல்லியில் அவர் பூட்ஸ் வழுக்கியது. வண்டி அவசரமே படாமல், மெதுவாக, மரியாதையாக அவரையும் கூட்டிக்கொண்டு கீழே சாய்ந்தது. நானும் தோட்டக்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினோம். நாங்கள் தூக்குவதற்கு முன்னாலேயே அடியில் கிடந்தபடி மனிதர் சொன்னார்: "பாத்தியாம்மா, விழும்போதுகூட எவ்ளோ ஸ்டெடியா விழுது!"

வெட்டியாகிவிட்டது

வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் தன் பழைய பைக்கைக் கொடுக்கிறேன் என்றார். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை, சீட்டை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினார்கள். யாருடைய காலுக்காக வெட்டுகிறார்களோ அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. சீட் கவர் தைக்கிற கடைக்கு என்னையும் ஒரு அளவுச்சட்டை மாதிரி கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார் கடைக்காரர். நான் ஏறினேன், எட்டவில்லை. பஞ்சை அறுத்தார். மறுபடி ஏறினேன், எட்டவில்லை. இன்னும் அறுத்தார். நாலாவது தடவை கால்விரல் தரையைத் தொட்டது. உட்கார்ந்த இடத்தில் பஞ்சு என்று எதுவும் இல்லை, தகடுதான் இருந்தது. "ஐயோ, குத்துதுங்க!" என்று துள்ளி இறங்கினேன்.

அறுத்துப்போட்ட பஞ்சைப் பார்த்த சிநேகிதருக்கு வண்டியின்மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. விற்கிறதில்லை என்று சொல்லி அப்படியே எடுத்துக்கொண்டு போனார். போகும்போதும் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் ஓட்டினார். கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் சலித்துக்கொண்டார்: "கால் எட்டணுமா, குண்டி உக்காரணுமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங் அம்மிணி."

வளர்ச்சிப் பவுடர்

போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிற ஒருத்தருக்கு மாசாமாசம் ஒரு டப்பா வரும். குடித்தால் மூன்றே மாசத்தில் உயரம் கூடும் என்று மேலேயே படம் போட்டிருக்கும். எனக்கிருந்த வெறுப்பில் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன், எத்தனை அங்குலம் வளர்ந்தீர்கள் என்று. அவர் என்னைச் சுவரோரமாக நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்: "ஒயரம் வரலீங்க்கா. ஆனா நொம்பப் பசிக்குதுங்க."

மெக்கானிக் டீ குடிக்கப் போனபோது

ஐந்து வாரம் போய்விட்டது. பார்சல் கொடுக்கிற வீட்டிலெல்லாம் "வண்டி வாங்கியாச்சுங்களா?" என்பதற்குப் பதிலாக, "ஏனுங்க, கால் எட்டுதுங்களா?" என்றுதான் கேட்டார்கள். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவரிடம் பழம் பறிக்க ஆள் வேண்டுமா என்றுகூட வெட்கத்தை விட்டுக் கேட்டு வைத்தேன்.

ஒண்டிக்கடை மெக்கானிக்கிடம் விற்பனைக்கு ஒரு நூறு சிசி வண்டி நின்றது. பழசு. ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து ஆளே ஏறாமல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மெக்கானிக் அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். ஏறினேன். வழக்கம்போலக் கால் தொங்கியது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயுமா?" என்று ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். வண்டி ஸ்டாண்டிலிருந்து டொம்மென்று முன்னால் இறங்கியது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் என் இடது கால் முழுசாகத் தரையில் இருக்கிறது, வலது காலின் விரலும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. சென்டர் ஸ்டாண்டு போட்டால் வண்டி மேலே தூக்கிக்கொள்ளும். எடுத்தால் இறங்கும், ஆள் கனத்துக்கு இன்னும் அமுங்கும். ஐந்து வாரமாக அத்தனை ஆம்பிளைகளும் என்னை ஸ்டாண்டு மேலேயே உட்காரவைத்து அளந்திருக்கிறார்கள். ஸ்டாண்டு போட்டுக்கொண்டு யாராவது ரோட்டில் போவார்களா? நானும்தான் யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். டீ குடித்துவிட்டு வந்த மெக்கானிக்கிடம், இது உங்களுக்குத் தெரியாதா என்று கத்தினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "தெரியாம என்னுங்க? எல்லாரும் சேந்து எட்டாதுன்னு சொன்னாங்க, செரி, ஏதோ வேண்டுதலையாக்கும்னு உட்டுட்டேன்."

பள்ளம் என்ன பண்ணும்?

அந்த வண்டியையே வாங்கினேன். கதிர் ஆத்தூர் போவதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் விடக் கற்றுக்கொடுத்தான். நிறுத்தும்போது எப்பவும் இடது காலைத்தான் ஊன்ற வேண்டும், வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டும் என்பது அவன் பாடம். எல்லாரும் சொல்வதுதான். நாகலூர் ரோட்டில் தனியாகப் போய்ப் பழகினேன். ஒரு வளைவில் எதிரே பஸ். இடது ஓரமாக ஒதுங்கி, பாடம் தப்பாமல் இடது காலை ஊன்றினேன். அந்தப் பக்கம் ரோடு சரிந்து போய்ப் பள்ளமாக இருந்தது. என் கால் தரையைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. அதன் பின்னாலேயே நானும் வண்டியும் போனோம், காப்பிச் செடிக்குள்.

பழம் பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நாலு பேர் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். முதலில் சிரித்து முடித்தார்கள், அப்புறம் தூக்கினார்கள். "மலைப்பக்கம் ஊனாம பள்ளத்துப் பக்கம் ஊனுனா, பாவம், பள்ளம் என்ன பண்ணும்?" என்றாள் ஒருத்தி. அவள் கேலிக்குச் சொன்னதில் எனக்கு வேண்டியது இருந்தது. மலைப்பக்கம் ரோடு மேடாக இருக்கும், அங்கே என் கால்கூட நீளக்கால்தான். வலது காலை ஊன்ற வேண்டியிருந்தால் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் போச்சு. அன்றைக்கே திரும்பத் திரும்ப நின்று பார்த்தேன், நின்றது. முழங்கையில் ரத்தம் வருகிறதே என்று ஒருத்தியாவது கேட்பாள் என்று பார்த்தேன். கடைசியாக வந்தவள் என் தோள்பையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அது கெடக்குது உடு சாமி, எங்க ஊட்டுக்குச் சீலைப் பார்சல் வந்துச்சா?"

எட்டு

லைசென்ஸுக்கு எட்டுப் போட்டேன். எட்டுப் போடும்போது காலைக் கீழே வைத்தால் பெயில். யோசித்துப் பாருங்கள், என் ஜென்மத்திலேயே காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று சொன்ன ஒரே இடம் அதுதான். ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். எனக்கு முன்னால் காலை ஊன்றிப் பெயிலான வாட்டசாட்டமான ஆள் ஒருத்தர் பக்கத்தில் வந்து சொன்னார்: "உங்களுக்கென்னுங்க, ஊனோணும்னு நெனச்சாலும் எட்டாது. கொடுத்து வெச்சவங்க."

வழி காட்டுங்க

ஒண்ணாந்தேதி காலையில் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன். வண்டி வாசலில் நின்றது. அதன் பக்கத்தில் இன்னொரு புது வண்டியும் நின்றது, என் நெஞ்சு உயரத்துக்கு. அதன் சொந்தக்காரர் கதவில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். சேலத்து ஆள். ஆறடிக்கு மேலேயே இருப்பார். மேனேஜர் என் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், அதில் எங்காவது உயரம் போட்டிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

எனக்குப் பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாது என்று ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு மாசம் அலைந்தது, விழுந்தது, முழங்கையில் தையல் போட்டது எல்லாம் இவர் சொன்ன இரண்டையும் கொண்டுவந்து வைப்பதற்குத்தானே? வைத்தாகிவிட்டது. அதற்கு மனுஷர் சொன்ன பதில் இது: "எல்லாஞ் செரிங்க அம்மிணி, ஆனா இவருக்குக் கால் நல்லா எட்டுதில்லீங்க? இவரே போகட்டும். நீங்க இன்னிக்கு ஒருநா மட்டும் முன்னால போயி வழி காட்டீட்டு வாங்க."

தரை

என் வேலையை எடுத்துக்கொள்கிறவருக்கு நானே வழிகாட்டி. போனேன். பார்சல் முழுக்க அவர் வண்டியில். நல்ல பனி, பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. கிளம்பும்போதே சொன்னேன், நிறுத்தினால் மலைப்பக்கம் காலை ஊன்றுங்கள் என்று. என் வேலை போகிற கோபத்திலும் அதை மறைக்கவில்லை, சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நமக்கெல்லாம் எந்தப் பக்கமும் எட்டுமுங்க்கா" என்றார்.

நாகலூருக்கு முன்னால் காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பியது. நான் ஒதுங்கி வலது காலை ஊன்றி நின்றேன். பின்னால் அவர் இடது காலை ஊன்றினார். எனக்கு எட்டாத தூரத்துக்கெல்லாம் அவர் கால் எட்டும் அல்லவா, அதனால் என்னைவிட நன்றாகத் தள்ளிப் பள்ளத்துக்குள்ளேயே ஊன்றினார். திரும்பிப் பார்த்தபோது வண்டியைக் காணோம். செடிக்குள்ளிருந்து ஹாரன் மட்டும் விடாமல் கேட்டது. லாரி கிளீனரும் நானும் இறங்கி இழுத்துவந்தோம். கணுக்கால் பிசகியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பார்சலை எல்லாம் பொறுக்கி என் வண்டியில் கட்டினேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு அவர் மேனேஜருக்குப் போன் போட்டார். நான் எதிரிலேயே நின்றேன், ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொல்கிறேன்: "காலை நல்லாத்தான் ஊனுனேன் சார். தரைதான் இல்ல."

அவரை நாகலூர் டீக்கடையில் உட்காரவைத்து, பஸ் ஏறச் சொல்லிவிட்டு, அத்தனை பார்சலையும் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையெழுத்து வாங்கிய தாளை எண்ணிப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. உள்ளே போய் ரிஜிஸ்டரில் நாகலூர் என்று எழுதியிருந்த இடத்தில் என் பேரை எழுதினார். எழுதிவிட்டு, சேறு அப்பியிருந்த என் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு கேட்டார்: "ஏனுங்க, இத்தன சுளுவா ஓட்டறவங்க, மொதல்லயே என்ர கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

ஆக, தரை எப்பவும் என் காலுக்குக் கீழேதான் இருந்தது, நடுவில் அளந்து பார்க்க வந்த கூட்டம்தான் கொஞ்சம் அதிகம்.